மச்சாளின் ஒலிவ் எண்ணெய்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரமாக இருக்கும் அந்த சுப்பர்மார்க்கெட்டில், எண்ணெய்ப் போத்தல்கள் அடுக்கிய தட்டின் முன்னால் என் மச்சாள் தரையில் குந்தியிருந்ததுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, முன்வரிசைப் போத்தல்களை இரு பக்கமும் ஒதுக்கிவிட்டு, தோள்வரை கையை உள்ளே விட்டுத் தட்டின் பின்பக்கத்தைத் துழாவிக்கொண்டிருந்தார். தள்ளுவண்டிகளுடன் வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சீருடை அணிந்த பெண்ணொருத்தி வந்து, எதைத் தேடுகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டாள். “எண்ணெய்தான், தங்கச்சி” என்று சிங்களத்திலேயே பதில் சொல்லிவிட்டு, மச்சாள் என்னை நிமிர்ந்து பார்த்தார். “முன்னால நிக்கிறதெல்லாம் வெளிச்சம் குடிச்ச போத்தல், பிள்ளை. இருட்டுக்குள்ள நிக்கிறதைத்தான் எடுக்கவேணும்.” கடைசியில் தூசி படிந்த கறுத்த போத்தல் ஒன்றோடு கை வெளியே வந்தது. அதைத் திருப்பித் திருப்பி, பின்பக்கத்தில் இருந்த பொடி எழுத்துகளை வாசித்தார். பிறகு அதே இடத்தில் திரும்ப வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். அவர் இத்தாலியில் இருந்து திரும்பி வந்த முதல் வாரம் அது.

மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. நகரத்தின் மறுகோடியில் உள்ள கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து, கொட்டாஞ்சேனையிலேயே கலியாணம் முடித்து, அங்கேயே விதவையானவர். துறைமுகத்தில் வேலை செய்த கணவர் ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், அவ்வளவுதான். அவர்களுடைய ஒரே மகள் அப்போதுதான் நர்சரிக்குப் போகத் தொடங்கியிருந்தாள். தேவாலயத்தில் பழக்கமான ஒருவர் வழியாக, இத்தாலியின் தெற்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் படுக்கையில் கிடந்த ஒரு முதிய பெண்ணைப் பார்த்துக்கொள்ளும் வேலை மச்சாளுக்குக் கிடைத்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே மகளை நாங்கள் வெள்ளவத்தைக்குக் கூட்டிவந்தோம். கொஞ்சக் காலம் என்றுதான் பேச்சு. அவள் பாடசாலை முடித்து, வீதியின் எதிர்ப்பக்கத்தில் இருந்த கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேரும்வரை அந்தக் கொஞ்சக் காலம் நீண்டது.

அந்த முதிய பெண்ணை மச்சாள் தொலைபேசியில் ‘நொன்னா’ என்பார். அங்கே வயதான பெண்களை அப்படித்தான் அழைப்பார்களாம். எங்கள் காதில் அது சிங்களத்து ‘நோனா’வாகத்தான் விழுந்தது, வேலை செய்யும் வீட்டு எசமானியை நோனா என்பதில் எங்களுக்கு எந்தப் புதுமையும் இல்லை. அதனால் அந்த வீட்டில் எல்லோரும் எங்களுக்கு நோனாக்கள் ஆனார்கள்: கட்டிலில் இருந்தவர் பெரிய நோனா, அவருடைய மகள் சின்ன நோனா.

ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்து சேரும். சப்பாத்து, சொக்கலேட், குளிர்நாட்டுக்கே உரிய தடித்த சட்டைகள், எல்லாவற்றுக்கும் நடுவில் பழைய துவாய்களில் சுற்றிய எண்ணெய்ப் போத்தல்கள். ஒலிவ் எண்ணெய் என்றால் அந்தக் காலத்தில் எங்கள் மனதில் இரண்டே இடங்கள்தான் இருந்தன. ஒன்று, கைக்குழந்தைகளின் உடம்பில் தேய்க்கச் சின்னத் தகரத்தில் விற்கும் பார்மசி, மற்றது நோயாளிகளுக்குப் பூச எண்ணெய் வைத்திருக்கும் தேவாலயம். அதைச் சாப்பாட்டில் ஊற்றலாம் என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. மச்சாளும் சொல்லவில்லை, ஏனென்றால் சொல்லவேண்டிய விஷயம் அது என்று அவருக்குத் தோன்றவேயில்லை. நான் மகளைச் சனிக்கிழமைகளில் யன்னலோரம் இருத்தி, தலைமுடியைப் பிரித்துப் பிரித்து அந்த எண்ணெயைத் தேய்ப்பேன். “எண்ணெய் பிள்ளைக்குப் பிடிச்சிருக்கா?” என்று மச்சாள் தொலைபேசியில் கேட்பார். “ஓம் மச்சாள், நல்லாப் பிடிச்சிருக்கு” என்பேன். அவர் நாக்கைக் கேட்டார். நான் முடியைச் சொன்னேன். ஆண்டுக்கணக்கில் இந்த உரையாடல் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.

பெரிய நோனா காலமானதும் மச்சாள் திரும்பி வந்தார். வந்த அன்றே என் குசினிக்குள் நுழைந்து அலுமாரியைத் திறந்தவர், அரையும் குறையுமாக வரிசையில் நின்ற தன் போத்தல்களைக் கண்டு பூரித்துப்போனார். ஒன்றைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். முகம் மாறிவிட்டது. பிள்ளைகள் கீறுகிற மெழுகுக் கலர்பென்சில் பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த மணம். எண்ணெய் கெட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

“இதை என்னத்துக்குப் பிள்ளை பாவிச்சனீங்கள்?”

“தலைக்குத்தான் மச்சாள்.”

“தலைக்கா? இவ்வளவு நாளும் தலைக்கா?”

கோபிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ குசினித் தரையில் அப்படியே உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணால் தண்ணீர் வழியும்வரை சிரித்தார். சத்தம் கேட்டு மகள் வாசலில் வந்து நின்றாள். இடுப்பைத் தாண்டிய கறுத்த அடர்ந்த முடி அவளுக்கு. “வீண்போகேல்லத்தான்” என்று சொல்லிக்கொண்டு மச்சாள் எட்டி அந்தப் பின்னலைத் தொட்டார். மகள் பின்னலை மெதுவாக முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, “வேலைக்கு நேரமாச்சு, மாமி” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இத்தாலிச் சம்பளத்தில் மச்சாள் கொட்டாஞ்சேனையில் ஒரு மாடிவீட்டை வாங்கி வைத்திருந்தார். இரண்டு அறைகள். ஒன்றில் மகளுக்கென்று கட்டிலும் மேசையும் போட்டு, யன்னலுக்கு மஞ்சள் திரை தைத்துத் தொங்கவிட்டிருந்தார். மகள் போகவில்லை. வேலை வெள்ளவத்தையில், பஸ்ஸில் தினமும் வந்துபோக ஏலாது என்றாள். அது பொய்யல்ல, ஆனால் காரணமும் அதுவல்ல என்று எங்கள் மூவருக்குமே தெரியும். மச்சாள் ஒரு நாளும் வற்புறுத்தவில்லை. சனிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனையில் இருந்து பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வருவார். மகளுக்கு அரைநாள் வேலை. அவள் வந்ததும் மூவரும் சுப்பர்மார்க்கெட்டுக்குப் போவோம். தாயும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து கதைப்பது சிரமமாக இருந்தது; தட்டுகளைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நடப்பது இருவருக்கும் இலகுவாக இருந்தது.

எண்ணெய்த் தட்டின் முன்னால் மச்சாள் எடுக்கும் நேரத்தில் நான் மீனும் மரக்கறியும் வாங்கி முடித்துவிடுவேன். வெள்ளைக் கண்ணாடிப் போத்தல்களை அவர் தொடவே மாட்டார். காலாவதித் திகதியைப் பார்க்கமாட்டார். காய் பறித்த காலம் எழுதியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார். காலாவதித் திகதியை யாரும் எப்படியும் தள்ளிப்போடலாம், காயை ஒருமுறைதான் பறிக்கலாம் என்பது அவர் வாதம். எங்கே அடைத்தது என்பதையும் எங்கே விளைந்தது என்பதையும் தனித்தனியாக வாசிப்பார். பச்சை நிறத்தைக் கண்டு மயங்குவதில்லை. ஒருநாள், வைத்தியர் சொன்னாரென்று ஒலிவ் எண்ணெய் தேடிவந்த ஒரு பெரியவர், ‘லைட்’ என்று எழுதிய போத்தலைக் கொழுப்புக் குறைந்ததென்று நம்பி எடுத்தார். “ஐயா, அதில லைட் எண்டது ருசியும் நிறமும்தான், கொழுப்பு எல்லாம் ஒண்டுதான்” என்றார் மச்சாள். அந்தப் பெரியவர் இதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் மச்சாளைத் தேடிவந்து, தன் பிரஷர் எவ்வளவு, சீனி எவ்வளவு என்று ஒப்புவிக்கத் தொடங்கினார். மகள் அவரைக் கண்டதும் தேயிலைத் தட்டுப் பக்கம் தப்பி ஓடுவாள்.

எல்லாம் தெரிந்தவர் என்றும் சொல்லமுடியாது. ஒருமுறை அழகான தகரம் ஒன்றைப் பார்த்து, வெளிச்சம் படாது, நல்ல காலத்துக் காய், பெயரெடுத்த ஊர் என்று அடுக்கிக்கொண்டே போய், மிகவும் விலையான அதை வாங்கிவந்தார். வீட்டில் திறந்தபோது பழைய கச்சான் கடலை மணம் வந்தது. மச்சாள் மூடியைத் திருப்பி இறுக்கினார். “உள்ளுக்க என்ன இருக்கெண்டு ஆருக்குத் தெரியும், பிள்ளை. எழுதினதை வாசிக்கலாம், அவ்வளவுதான்.” அன்று மேசையில் இருந்த மகள் முதல்தடவையாகச் சிரித்தாள். மச்சாளும் சிரித்தார், தோற்ற சிரிப்புப் போலவே இல்லை அது.

நல்ல போத்தல் அமைந்துவிட்டால் அன்று மத்தியானமே விருந்துதான். பொரிப்பதற்கு அவர் அதைப் பாவிக்க விடமாட்டார், “பொரிக்கத் தேங்காயெண்ணெய் இருக்கேக்க ஏன் இதைக் கொல்லுறாய்?” அவித்த மரவள்ளிக்கிழங்கில் சூட்டோடு ஊற்றுவார், மிளகாய் இடித்த கட்டைச் சம்பலைப் பக்கத்தில் வைப்பார். மொறுமொறுப்பான ரோஸ் பாணைத் துண்டுகளாக வெட்டிச் சுட்டு, உள்ளிப்பூண்டுப் பல்லால் உரசி, அதன்மேல் ஊற்றித் தருவார். நாங்கள் விழுங்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். தொண்டையில் மிளகுபோல ஏறி இருமல் வரும். இருமினால்தான் அவருக்குத் திருப்தி. “இருமிட்டாய், அப்ப எண்ணெய் நல்லம்.”

அந்த இருமலின் கதையை ஒரு சனிக்கிழமை பஸ்தரிப்பில் நின்றபோது சொன்னார். இத்தாலிக்குப் போன முதல் வருஷம் அவர் யாரோடும் கதைக்கவில்லையாம். பாஷையும் இல்லை, மனமும் இல்லை. இரவில் தலையணையைக் கடித்துக்கொண்டு படுப்பாராம். குளிர் தொடங்கும் காலத்தில் வீட்டாருக்குச் சொந்தமான சில ஒலிவ் மரங்களின் கீழே வலை விரித்து, எல்லோருமாகக் கிளைகளை உலுப்பிக் காய் சேர்த்தார்கள். மச்சாள் பெரிய நோனாவைக் கட்டிலில் இருந்து தூக்கிச் சக்கர நாற்காலியில் இருத்தித் தள்ளிக்கொண்டு செக்குவரைக்கும் போனார். புதிதாக ஒழுகிய எண்ணெயைப் பாணில் ஊற்றி முதல் துண்டை மச்சாளிடம்தான் நீட்டினார்கள். கடித்தார். தொண்டையில் நெருப்பு. இருமி இருமிக் கண் கலங்கி நின்றபோது, அங்கே இருந்த அத்தனை பேரும் கைதட்டிச் சிரித்தார்களாம். “எனக்கும் சிரிப்பு வந்திட்டுது. அந்த நாட்டில நான் சிரிச்ச முதல் சிரிப்பு. அதுதான் அதைப் போத்தல்ல அடைச்சு அனுப்பினனான்.” மகள் வீதியைப் பார்த்தபடி நின்றாள். கேட்டாளா இல்லையா என்று சொல்லத் தெரியவில்லை.

பிறகு தட்டுப்பாட்டுக் காலம் வந்தது. கேஸுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, மணித்தியாலக் கணக்கில் மின்வெட்டு. வெளிநாட்டுப் பொருட்கள் தட்டுகளில் இருந்து ஒவ்வொன்றாக மறைந்தன. வழியிருந்தவர்கள் எல்லோரும் நாட்டைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த நாட்களில்தான் சின்ன நோனாவின் அழைப்பு வந்தது. அவருடைய கணவருக்குப் பாரிசவாதம். வேறு யாரையும் நம்பமுடியாது. மச்சாள் வரவேண்டும், விசா வேலைகளைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். என் கணவர், “போங்கோ அக்கா, இஞ்ச இருந்து என்ன செய்யப்போறீங்கள்?” என்றார். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். மச்சாள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமையும் சுப்பர்மார்க்கெட்டுக்குப் போனோம். எண்ணெய்த் தட்டு ஏறக்குறைய வெறுமை. பிளாஸ்டிக் போத்தலில் வெளிறிய மஞ்சள் எண்ணெய் ஒரே ஒரு வகைதான் இருந்தது. பிழிந்த சக்கையில் இருந்து எடுத்தது. மச்சாள் பழக்கத்தில் அதையும் எடுத்து வாசித்துவிட்டு வைத்தார். பிறகு தட்டைப் பார்த்தபடியே மகளிடம் கேட்டார்.

“சின்ன நோனா வரச்சொல்லுறா. நீ என்ன சொல்லுறாய்?”

“போறதெண்டாப் போங்கோ” என்றாள் மகள். “ஆனா எண்ணெய் மட்டும் அனுப்பாதேங்கோ.”

“ஏன், எண்ணெய் நல்லமில்லையா?”

“எண்ணெய் நல்லம்தான்.” அவள் குரல் உயரவில்லை. “நத்தாருக்குப் பெட்டி வந்தா, அந்த நத்தாருக்கு நீங்க வரமாட்டீங்க எண்டு அர்த்தம். மாமி துவாயைப் பிரிச்சுப் போத்தலை எடுக்கேக்க எனக்கு அதுதான் விளங்கும். இந்த வருஷமும் இல்லை, இந்த வருஷமும் இல்லை எண்டு.”

நான் தூக்கி வளர்த்த பிள்ளை. காய்ச்சலில் அவள் என்ன உளறுவாள் என்றுகூட எனக்குத் தெரியும். இதை மட்டும் அவள் என்னிடம் சொன்னதேயில்லை. மச்சாள் வெறும் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் அழவில்லை. காசாளர் பக்கம் வரிசை நீண்டிருந்தது. ஒரு பாணும் நெருப்புப்பெட்டியும் வாங்கிக்கொண்டு வீடு வந்தோம்.

அடுத்த நாள் ஞாயிறு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சின்ன நோனா வீடியோ அழைப்பில் வந்தார். நல்ல பெண், மச்சாளை உறவாகவே நடத்தியவர். அதனால்தான் மச்சாளுக்கு இல்லை என்ற சொல் வரவில்லை. இத்தாலி மொழியில் எதையோ தொடங்கினார், நிறுத்தினார், சிரித்தார், மறுபடி தொடங்கினார். சோற்றுக் கையோடு இருந்த மகள் எழுந்து, இடது கையால் போனை வாங்கினாள். ஆங்கிலத்தில், விளங்கவேண்டும் என்பதற்காக ஒவ்வொரு சொல்லாக, “என்னுடைய அம்மா இங்கேதான் இருப்பார். எனக்கு அவர் வேண்டும்” என்றாள். உங்கள் கணவர் சுகமாக வேண்டிக்கொள்கிறோம் என்றும் சேர்த்துச் சொன்னாள். போனைத் தாயின் கையில் கொடுத்துவிட்டு மீண்டும் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தாள். மச்சாள் திரையைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தில் சின்ன நோனாவும் தலையாட்டினார்.

அந்த மாதமே மகள் கொட்டாஞ்சேனைக்குப் போனாள். அவளுடைய அலுமாரி வெறுமையான அன்று, உடுப்புக் கொழுவிகளை நான் ஒழுங்குபடுத்திக்கொண்டே இருந்தேன். ஒழுங்குபடுத்த அதில் ஒன்றும் இல்லை. மச்சாள் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். “நீ வளர்த்ததை நான் தூக்கிக்கொண்டு போறன் எண்டு நினையாத, பிள்ளை. இனி நாங்கள் ரெண்டு பேர் உன்னட்ட வருவம். அவ்வளவுதான் வித்தியாசம்.” சொன்னபடியே வந்தார்கள். தட்டுகள் மறுபடி நிரம்பியபின், மச்சாள் குந்தியிருக்க மகள் பக்கத்தில் நின்று, பொடி எழுத்துகளைத் தன் போன் வெளிச்சத்தில் வாசித்துச் சொல்வாள். “இது வேண்டாம் அம்மா, திகதி இல்லை.” “பின்னால பார்.” “பின்னாலயும் இல்லை.” இப்படி அவர்கள் சண்டைபிடிக்கும்போது மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு மீன் வாங்க இன்னும் கூடுதலாக நேரம் கிடைத்தது.

இப்போது அந்தத் தட்டு முன்பைவிட நீளம். எங்கெங்கோ நாட்டுப் போத்தல்கள். வாங்க வருகிற இளம் ஆட்கள் போனைப் போத்தலுக்கு நேரே பிடித்து, அது சொல்வதைக் கேட்டு எடுத்துக்கொண்டு போகிறார்கள். நான் குந்த முடியாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, பின்வரிசையில் இருந்து ஒன்றை எடுக்கிறேன். பல தடவை பிழையாய்ப் போகிறது. மச்சாள் போய்க் கொஞ்சக் காலமாகிறது. வயிற்றில் கட்டி, தெரியவந்தபோது அது எல்லா இடமும் பரவியிருந்தது. ஆஸ்பத்திரியில் வைத்திருப்பதில் பயனில்லை என்று சொல்லிவிட்டார்கள். மஞ்சள் திரை போட்ட அறைக்கு அவரை மாற்றி, மகள் கடையில் லீவு போட்டுவிட்டு, ஒரு காலத்தில் அவர் பெரிய நோனாவைப் பார்த்ததுபோல அவரைப் பார்த்துக்கொண்டாள். நான் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்குமாக அலைந்தேன்.

சாப்பாடு இறங்காமல் போனபிறகு, ஒரு மாலை பங்குத்தந்தை நோயில் பூசுதல் என்ற அருட்சாதனம் கொடுக்க வந்தார். மகள் மெழுகுதிரி ஏற்றினாள். மச்சாள் கண்ணை மூடிக் கிடந்தார்; பகல் முழுக்கப் பேச்சில்லை. பங்குத்தந்தை சின்னச் சிமிழில் பெருவிரலைத் தொட்டு அவருடைய நெற்றியிலும், பிறகு இரண்டு உள்ளங்கைகளிலும் எண்ணெயால் சிலுவை வரைந்து செபித்தார். நாங்கள் ஆமென் சொன்னோம். அப்போது மச்சாளின் வலது கை போர்வையில் இருந்து மெல்ல எழுந்தது. ஆசீர்வாதத்தை முத்தமிடப் போகிறார் என்று நினைத்து நான் அதைத் தாங்கிப்பிடித்தேன். அவர் உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோய், ஆழமாக ஒருமுறை மணந்தார். புருவம் சுருங்கியது. கண் திறக்காமலே தலையை இல்லை என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாக ஆட்டினார்.

மகளுக்குத்தான் முதலில் விளங்கியது. வாரக்கணக்கில் அழாமல் நின்ற பிள்ளை, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். தோள் குலுங்க, கண்ணீர் விரலிடுக்கால் ஒழுகச் சிரித்தாள். மச்சாளின் உதட்டோரமும் அசைந்தது. இளம் குருவானவர் சிமிழும் கையுமாகத் திகைத்துப்போய் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மன்னிக்கவேணும், ஃபாதர்” என்றாள் மகள் மூச்சு வாங்க. “அம்மா எண்ணெய் பாக்கிறா.”